நிற்கும்போது ஓடாத வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று சிக்னலில் நிற்கும்போது துடித்துத் துடித்து அணைந்துபோனால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஐட்லிங் திருகாணியை அரைச் சுற்று உள்ளே திருப்புகிறோம். எஞ்சினின் வேகம் கூடுகிறது, வண்டி அணையாமல் நிற்கிறது, காரியம் முடிந்ததென்று புறப்பட்டுவிடுகிறோம். பட்டறைக்கு எடுத்துச் சென்றாலும் பல நேரங்களில் இதுவேதான் நடக்கிறது. இந்த அரைச் சுற்றுக்கு எதிராகச் சில சொற்கள் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய வாசகர்களிடம் இதைப் பேச நமக்குத் தயக்கம் ஏதுமில்லை. ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டெனன்ஸ்' நம் வட்டத்தில் பலரும் படித்த, அல்லது படித்ததாகச் சொல்லிக்கொள்கிற நூல். அதில் 'தரம்' குறித்து வரும் தத்துவ விவாதங்கள் பேசப்படும் அளவுக்கு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் பக்கங்கள் பேசப்படுவதில்லை. மேற்கு நோக்கிச் செல்லச் செல்ல நிலம் உயர்கிறது; நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடாததைக் கதைசொல்லி கவனிக்கிறான். பிளக்கில் கரி படிந்திருக்கிறது. உயரத்தில் காற்று மெலிந்துவிட்டதால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடிவிட்டது என்று காரணத்தைப் பிடிக்கிறான். உடன் வரும் நண்பன் ஜான் நல்ல பி.எம்.டபிள்யூ வண்டி வைத்திருப்பவன். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ள மட்டும் விரும்பாதவன். அந்நூலைக் கொண்டாடும் நாம் வாழ்க்கையில் ஜானின் கட்சியில் இருக்கிறோம் என்பது வேடிக்கைதான்.

முதலில் ஐட்லிங் என்பது என்னவென்று பார்ப்போம். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டுவிட்ட நிலையில், எந்தச் சுமையும் இழுக்காமல், எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் நிலை அது. நமக்கு நன்கு தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் தயாரித்த 346 சிசி புல்லட்டை நினைத்துக்கொள்வோம். 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஓட்டம் கொண்ட ஒற்றை சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு நிகழும். அடுத்த வெடிப்பு வரும்வரை கனத்த ஃப்ளைவீலே எஞ்சினைச் சுமந்து செல்கிறது. இடையில் ஒரு வெடிப்பு தவறினால் ஈடுகொடுக்க இன்னொரு சிலிண்டர் இல்லை. இரண்டு தவறினால் வண்டி அணைந்துவிடும். வேகமாக ஓடும்போது இதே தவறுகள் சுழற்சியின் வேகத்தில் மறைந்துபோகின்றன. சாலையில் நன்றாக ஓடும் வண்டி நிற்கும்போது மட்டும் தடுமாறுகிறது என்றால், ஓடும்போது குறையே இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. நிற்கும்போதுதான் அது காதில் விழுகிறது என்றும் இருக்கலாம்.

கார்ப்பரேட்டருக்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஐட்லிங்கில் த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியே இருக்கும். அப்போது மெயின் ஜெட்டுக்கும் நீடிலுக்கும் வேலையில்லை. பெட்ரோல் முழுவதும் மெக்கானிக்குகள் 'ஸ்லோ ஜெட்' என்று சொல்லும் பைலட் ஜெட் வழியாகவே வரவேண்டும். அதன் துளை ஊசிமுனை அளவுதான். சில மாதங்கள் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசின் அதை அடைக்கப் போதும். தொட்டியிலிருந்து வரும் ஒரு துணுக்குத் துருவும் போதும். ஓட்டத்தில் குறையில்லாமல் நிறுத்தத்தில் அணையும் வண்டிகளில் முதலில் இந்த ஜெட்டின்மீதே சந்தேகம் விழுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால், சந்தேகம் வேறு, முடிவு வேறு. ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கும்போது கழற்றத் தொடங்குவதற்கு முன் கேள்விகள் கேட்கவேண்டும். வண்டி குளிர்ந்திருக்கும்போது அணைகிறதா, சூடேறிய பிறகா? ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும்போதா, நின்று ஒரு நிமிடம் ஆன பிறகா? சோக்கை இழுத்தால் சீராகிறதா, இன்னும் மோசமாகிறதா? மழைக்குப் பின் தொடங்கியதா? நெடுநாள் நின்ற பின்னா? யாராவது கைவைத்த பின்னா? இவற்றுக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உதாரணமாக, சூடான எஞ்சினில் சோக்கை இழுத்தவுடன் ஐட்லிங் நிலைப்படுகிறது என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. ஸ்லோ ஜெட் அடைப்போ எங்கோ காற்றுக் கசிவோ இருக்கிறது. சோக்கை இழுத்ததும் மூச்சடைத்து அணைகிறது என்றால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம்; ஃப்ளோட் உயரம், ஃப்ளோட் நீடில், ஏர் ஃபில்டர் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். ஒரு ஸ்பானர்கூடத் தேவையில்லாத சோதனை இது. இதைச் செய்யாமலே எத்தனை கார்ப்பரேட்டர்கள் கழற்றப்படுகின்றன!

வரிசை முக்கியம். செலவில்லாததும் பழைய நிலைக்குத் திருப்பிவிடக்கூடியதுமான சோதனைகள் முதலில் வரவேண்டும். பெட்ரோல் வருகிறதா? சில கிலோமீட்டர் ஓடிய பிறகு அணைந்து, தொட்டி மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை இழுத்து, பின்னர் சரியாக ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று பொருள். அதற்குக் கார்ப்பரேட்டரைத் தொடவே வேண்டாம். அடுத்து ஏர் ஃபில்டர். அடுத்து கார்ப்பரேட்டருக்கும் எஞ்சின் தலைக்கும் இடையிலுள்ள இணைப்பு. ரப்பரில் வெடிப்போ, அளவுக்கு மீறி நட்டை முறுக்கியதால் ஃப்ளேஞ்சில் வளைவோ இருந்தால் அங்கே கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஓடும் எஞ்சினில் அந்த இணைப்பின்மீது சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால் ஓசை மாறுவது காட்டிக்கொடுத்துவிடும். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பார்கள். சூடான எஞ்சினருகே அது தீயோடு விளையாடுவது.

பிறகு பிளக். அதன் முனை அந்த எஞ்சினின் நாட்குறிப்பு. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய் ஈரம் இருந்தால் ரிங் அல்லது வால்வு வழியே ஆயில் வருகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. பழைய புல்லட்டில் அடுத்ததாகக் காண்டாக்ட் பாயிண்ட். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கவேண்டும். பாயிண்டின் முகங்கள் குழிந்து கருகியிருந்தால் தீப்பொறி பலவீனமாகும். அதை முதலில் உணர்வது ஐட்லிங்தான். குளிர்ந்திருக்கையில் ஒழுங்காக ஓடி, சூடேறியதும் மிஸ்ஸிங் அடித்து அணைந்து, அரை மணி ஓய்வுக்குப் பின் மீண்டும் ஒழுங்காகக் கிளம்பும் வண்டியில் கண்டென்சரைச் சந்தேகிக்கவேண்டும். இந்த ஒரு சிறு உருளைக்காகக் கார்ப்பரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

இயந்திரப் பகுதியையும் விட்டுவிடக் கூடாது. டேப்பட் இறுக்கமாக இருந்தால் வால்வு முழுவதும் மூடாது, கம்ப்ரஷன் கசியும். இரும்பு சிலிண்டர் புல்லட்டில் எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும்போது, வால்வுகள் மூடிய நிலையில், புஷ்ராடை விரலால் சுழற்ற முடியவேண்டும். மேலும் கீழுமாக ஆட்டம் இருக்கக்கூடாது. இந்த வண்டிக்கே உரிய இன்னொரு சந்தேகப் புள்ளி டிகம்ப்ரசர். கிக்கரை உதைப்பதற்கு உதவும் அந்தச் சிறு வால்வின் கேபிள் சற்றே இழுபட்டு நின்றாலும் கம்ப்ரஷன் கசிந்துகொண்டிருக்கும். அதைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கார்ப்பரேட்டர். ஸ்லோ ஜெட்டைக் கழற்றி கிளீனர் ஊற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யவேண்டும். கம்பி விட்டுக் குடைவது பெரும் தவறு. பித்தளையில் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அந்த ஜெட் பிறகு எதற்கும் உதவாது. மீண்டும் பூட்டியபின், ஏர் ஸ்க்ரூவை மெல்ல முழுவதும் உள்ளே திருப்பி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்கலாம். எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, கால் சுற்றுக்குக் கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் எங்கே மிகச் சீராகவும் வேகமாகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தவேண்டும். அதன் பிறகே ஐட்லிங் திருகாணியைத் தளர்த்தி வேகத்தைக் குறைக்கவேண்டும். கவனியுங்கள்: நாம் முதலில் கைவைக்கும் திருகாணி இந்த வரிசையில் கடைசியாக வருகிறது. அதுவும் பெரும்பாலும் குறைப்பதற்காக.

இப்போது அந்த அரைச் சுற்றுக்குத் திரும்பலாம். வேகத்தைக் கூட்டி அணையாமல் வைத்துக்கொள்வதில் என்ன கேடு என்று கேட்கலாம். பெட்ரோல் வீணாகும், முதல் கியர் விழும்போது 'டக்' என்று இடிக்கும், வேகத்தைக் குறைக்கையில் எஞ்சின் தரும் பிடிமானம் குறையும். இவையெல்லாம் சிறிய கேடுகள். பெரிய கேடு வேறு. திருகாணியை உள்ளே திருப்பும்போது த்ராட்டில் வால்வு உயர்கிறது. உயர்ந்ததும் அதனடியில் உள்ள பைபாஸ் துளையும் திறந்துகொண்டு கூடுதல் பெட்ரோலைத் தரத் தொடங்குகிறது. அதாவது அடைபட்ட வழியை அப்படியே விட்டுவிட்டு வேறொரு வழியில் எஞ்சினுக்கு ஊட்டுகிறோம். அதற்குப் பின் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பினால் பெரிய மாற்றம் தெரியாது. அடுத்து வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக் கிடைக்கவேண்டிய தடயத்தையும் நாம் அழித்துவிட்டோம். நோய் இருந்த இடத்தில் இருக்க, அறிகுறி மட்டும் போய்விட்டது.

காரணம் காற்றுக் கசிவாக இருந்துவிட்டால் விளைவு இன்னும் கடுமை. பெட்ரோல் குறைந்த கலவை எஞ்சினை அதிகமாகச் சூடேற்றும். அணைந்து அணைந்து எச்சரித்துக்கொண்டிருந்த வண்டியின் வாயை நாம் அடைத்துவிட்டோம். சில மாதங்களுக்குப் பின் வால்வோ பிஸ்டனோ கெட்டு நிற்கும்போது 'பழைய வண்டி, என்ன செய்வது' என்கிறோம்.

இதில் உயிருக்கான ஆபத்தும் உண்டு. அணைந்துவிடும் வண்டியை ஓட்டுபவர் சந்திப்புகளில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் முறுக்கிக்கொண்டே இருப்பார். முன் பிரேக்கும் அதே வலக்கைக்குத்தான். பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கும் பின் பிரேக் இடக்காலுக்கும் அமைந்திருக்கும். நான்கு உறுப்புகளும் நான்கு வேலை செய்யவேண்டிய நேரத்தில் ஒன்று எஞ்சினை உயிரோடு வைத்திருக்கும் வேலைக்குப் போய்விடுகிறது. லாரிக்கு முன்னால் வலப்புறம் திரும்பும்போது வண்டி அணைவதும், குறுக்கே ஒருவர் வரும்போது பிரேக்குக்குக் கை போகாமலிருப்பதும் ஒரே குறையின் இரு முகங்கள்.

அண்மைக் காலத்தில் இன்னொரு வசதியான விடையும் கிடைத்திருக்கிறது: எத்தனால். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் அறிமுகமானது. 2025இல் அதுவே பரவலாகிவிட்டது. பழைய வண்டிகள் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பது உண்மை. எத்தனாலில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே இருப்பதால், மாற்ற முடியாத ஜெட் அளவு கொண்ட கார்ப்பரேட்டரில் கலவை சற்று மெலியும். பழைய ரப்பர் பாகங்கள் ஊறியோ இறுகியோ கெடக்கூடும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தொட்டியின் அடியில் தங்கும், பெட்ரோல் குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். தொட்டியில் பல்லாண்டுகளாக ஒட்டியிருந்த படிவுகளையும் அது கரைத்து ஜெட்டுக்கு அனுப்பிவைக்கும். ஆகவே நெடுநாள் நிறுத்தும்போது ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிடுவதும், பெட்ரோல் டியூப்பை அவ்வப்போது பார்த்து மாற்றுவதும் முன்பைவிட இப்போது அவசியம்.

ஆனால், இந்த உண்மையே இப்போது இன்னொரு அரைச் சுற்றாகிவிட்டது. அணைகிற எந்த வண்டிக்கும் 'பெட்ரோல் சரியில்லை' என்று ஒரே பதில். ஃப்ளோட் கிண்ணத்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்த்தால், அடியில் தண்ணீர் தனியே நிற்கிறதா, துரு கிடக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் அரசின் கொள்கையைக் குறைசொல்வதும் பாராட்டுவதும் வண்டிக்கு எந்த வகையிலும் உதவாது. கொள்கையை விமர்சிக்கும் உரிமை நமக்கு உண்டு; கிண்ணத்தை வடித்துப் பார்த்தவரின் விமர்சனத்துக்கு மதிப்பு கூடுதலாக இருக்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பழியை மெக்கானிக்கின் தலையில் கட்டுவது நியாயமல்ல. நாம் அவருக்கு எதற்குக் காசு கொடுக்கிறோம்? புதிய பிளக் போட்டால் கொடுக்கிறோம், கார்ப்பரேட்டர் கிட் மாற்றினால் கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் வண்டியருகே உட்கார்ந்து கேட்டு, தொட்டி மூடியின் துளையில் குண்டூசியைச் செலுத்திச் சரிசெய்துவிட்டால், 'இதற்கா இவ்வளவு?' என்கிறோம். பாகத்துக்கு விலை உண்டு, யோசனைக்கு விலையில்லை என்ற ஏற்பாட்டை உருவாக்கியவர்கள் வாடிக்கையாளர்களாகிய நாம்தான். அந்த ஏற்பாட்டில் பாகங்கள் மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கும், குறை அப்படியே இருக்கும். எழுத்துக்கு உரிய கூலி கிடைப்பதில்லை என்று அடிக்கடி வருந்தும் இலக்கிய உலகத்தினருக்கு இந்த அநீதியை விளக்கத் தேவையில்லை.

காலமும் குறுகிக்கொண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், நம் நாட்டின் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்ப்பரேட்டரின் இடத்தை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டது. அங்கே சென்சார்கள் கலவையைக் கணக்கிடுகின்றன. குறை நேர்ந்தால் கருவியைச் செருகிக் குறியீட்டைப் படிக்கிறார்கள். புகை குறைந்திருக்கிறது, வண்டிகள் எளிதில் கிளம்புகின்றன; நல்லதுதான், அதற்காக நாம் ஒப்பாரி வைக்கவில்லை. ஆனால், புதிய வண்டிகளில் மட்டும் பழகும் இளைஞருக்குப் பாயிண்ட் இடைவெளி வைக்கவும், பிளக்கின் நிறத்தைப் படிக்கவும், ஏர் ஸ்க்ரூவைக் காதால் நிறுத்தவும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அரிதாகிவருகிறது. அவற்றை அறிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். அவர்கள் அறிந்தது தமிழில் எங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது?

இங்கேதான் நம்மைப் போன்றவர்களின் பொறுப்பு வருகிறது. பட்டறைத் தமிழ் மிக நுட்பமானது. 'மிஸ்ஸிங் அடிக்குது', 'இழுவை இல்லை', 'ஓவர்ஃப்ளோ ஆகுது', 'ஐட்லிங் நிக்கல' என்று ஒவ்வொரு குறைக்கும் தனித்தனிச் சொல் அங்கே உண்டு. கேட்டவுடன் இன்ன பகுதியில் கோளாறு என்று அவர்களுக்குள் விளங்கிவிடும். பாதி ஆங்கிலமாயிற்றே என்று முகம் சுளிப்பதில் பயனில்லை. கலைச்சொல் அகராதியில் 'எரிவளிக் கலப்பி' இருக்கட்டும். கார்ப்பரேட்டர் என்று சொல்லும் கை அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த கை. அந்தச் சொற்களைக் கொண்டே, அந்த வரிசையைச் சிதைக்காமல், தெளிவான உரைநடையில் எழுதுவது இயலாத செயலன்று. கவிதை விமர்சனத்தில் சொல்லின் நுட்பத்துக்காகப் பக்கம் பக்கமாக வாதாடும் நம் உரைநடை, ஒரு எஞ்சின் ஏன் அணைகிறது என்பதைப் பிழையின்றி ஒரு பக்கத்தில் சொல்லப் பழகுமானால் அதன் முதுகெலும்பு உறுதிப்படும். காரணத்தையும் விளைவையும் குழப்பிக்கொள்ளாமல் எழுதுவதற்கு அதைவிடக் கடுமையான பயிற்சி வேறில்லை. எழுதியது தவறாக இருந்தால் வண்டி கிளம்பாது.

எனவே பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அது சிக்னலில் அணையும்போது திருகாணியைத் தேடாதீர்கள். எப்போது, எந்தச் சூட்டில், என்ன செய்தபோது அணைந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சோக்கை இழுத்துப் பாருங்கள், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று ஒருபோதும் தெரியாது. உங்களால் முடியாதபோது தெரிந்த மெக்கானிக்கிடம் அந்தத் தாளோடு செல்லுங்கள். எந்தப் பாகமும் மாற்றாமல் அவர் குறையைக் கண்டுபிடித்தால், அந்த நேரத்துக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவர் என்ன பார்த்தார், எதை முதலில் பார்த்தார் என்று கேட்டு எழுதிவையுங்கள்.